மாப்பிள்ளைக்குச் சேவல்

ஆறு வருடம் கழித்து ஒருவன் போன் செய்கிறான். எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய், ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "அந்தக் குருவிங்க இன்னும் இருக்கா?" என்கிறான். தாரணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

"எது?"

"வெளுத்தது."

கிஷோர் விஷயத்தைச் சொன்னான். அவன் பையனுக்கு இப்போது குருவிப் பைத்தியம் பிடித்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாமா? அவன் மனைவி நிவேதாவும் வருவாள். சொல்லப்போனால் போகலாம் என்று கிளப்பியதே அவள்தான்.

தாரணி சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மா கை நனைந்தபடியே வெளியே வந்தாள்.

"யாரு, அவனா? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றானாம்?"

"பழைய மூஞ்சியேதாம்மா."

"நீ ஏன்டி சரின்னே?"

அதற்குத் தாரணியிடம் ஒரு பதில் இருந்தது. அதை வெளியே சொன்னால் பெற்ற தாயே பயந்துபோவாள். கூண்டில் உட்கார்ந்திருக்கிற அந்தக் குருவிக்கு ஒரு கணக்கில் அவன் அப்பா. பிள்ளையைப் பார்க்க வருகிறேன் என்கிறவனை வராதே என்று எப்படிச் சொல்வது?

இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜி வருவதற்கு முன்பே மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்கிற காலம் ஒன்று வந்தது. கேட்டுக் கேட்டு நூறு பெண்களை ஒதுக்கினார்கள். கடைசியில், கல்யாணத்துக்காக மனிதரின் மரபணுவைப் படிக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஊர் கைதட்டியது. ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மனிதரைப் படிக்கத்தானே தடை, குருவியைப் பார்க்கத் தடை இல்லையே!

அப்படி வந்ததுதான் குருவிப் பொருத்தம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒரு தடவு. அதிலிருந்து பரம்பரை நோய் ஒளிந்திருக்கக்கூடிய துண்டை மட்டும் எடுத்து, கூண்டில் வளர்க்கிற ஜீப்ரா குருவியின் முட்டைக்குள் வைத்துவிடுவார்கள். துண்டு நல்லதாக இருந்தால் குருவி சாம்பல் நிறம். பழுதாக இருந்தால் வெளுப்பு. பெண்ணின் குருவியையும் பையனின் குருவியையும் ஜோடி சேர்த்து விட்டு, பொரிக்கிற குஞ்சுகள் என்ன நிறம் என்று பார்ப்பார்கள். பத்துப் பொருத்தம் பதினோரு பொருத்தமாகிவிட்டது, அவ்வளவுதான்.

திருச்சியில் அதற்குப் பேர் போன இடம் பாலக்கரையில் ஞானப்பிரகாசத்தின் கூடம். பட்டுப் புடவைக் கடை மாதிரி கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, ஒவ்வொரு கூண்டுக்கும் முழம் மல்லிகை. ஞானப்பிரகாசம் வெள்ளைச் சட்டையில் சந்தனமாக மணப்பார். பெரிய படிப்புப் படித்தவர். வாடிக்கையாளர் முகம் கோணக் கூடாது என்பது அவருக்குப் படிப்பைவிடப் பெரிய கொள்கை.

பஞ்சு கொடுத்து, குருவிகள் வளர்ந்த பிறகு, ஜோடி சேர்ப்பதற்காகத் தாரணியையும் கிஷோரையும் அழைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் அங்கே போன அன்றைக்கே முதல் சண்டை. கிஷோரின் அம்மா கலைவாணி கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போனாள்.

"என்ன சார் விளையாடுறீங்களா? எங்க பையன் பேர் எழுதின கூண்டுல பெட்டை இருக்கு! அவ பேருல சேவல் இருக்கு!"

"அது அப்படித்தாம்மா வைக்கணும்," என்றார் ஞானப்பிரகாசம் குழைவாக. "இந்த நோய் உட்கார்ற இடம் இருக்கு பாருங்க, அது நம்மள்ல பொம்பளைங்களுக்கு ரெண்டு, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. குருவியில அப்படியே தலைகீழ். சேவலுக்கு ரெண்டு, பெட்டைக்கு ஒண்ணு. பொண்ணுகிட்ட இருக்கற ரெண்டையும் வைக்கணும்னா சேவல்லதான் இடம் இருக்கு."

"ரெண்டு இருந்தா என்ன, ஒண்ணு இருந்தா என்ன?"

"ரெண்டு சட்டை வெச்சிருக்கறவன் கிழிஞ்சதை உள்ளே போட்டுக்கிட்டு நல்லதை மேலே போட்டுக்கலாம், வெளியில தெரியாது. ஒரே சட்டைக்காரன் கிழிசலை எங்கேம்மா மறைப்பான்? அதனால பெட்டைக் குருவிக்கு மறைக்க வழியே இல்ல. வெளுப்புன்னா வெளுப்பு, சாம்பல்னா சாம்பல். சேவல்தான் உள்ளே ஒண்ணை ஒளிச்சு வெச்சிருக்கும். மனுஷங்கள்ல பொம்பளைங்க ஒளிச்சு வெச்சிருக்கற மாதிரி."

கலைவாணிக்கு அந்தக் கடைசி வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தாரணியைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, ஜோடி சேத்து விடுங்க," என்றாள். ஆனாலும் மகனைப் பெட்டையாக்கிய மனக்குறை அவளுக்குத் தீரவில்லை.

தாரணி எதையும் ஒளித்து வைக்கவில்லை. பெண் பார்த்த மறுவாரமே போனில் கிஷோரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் தம்பி கவின் தசை நலிந்து நலிந்து பதினேழு வயதில் இறந்தவன். அந்த நோய் அம்மா வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. தன்னிடமும் அது ஒளிந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிஷோர் கேட்டுவிட்டு, "பார்த்துக்கலாம் விடு," என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவனை அவளுக்குப் பிடித்தது.

ஞாயிறுதோறும் இருவரும் கூடத்துக்குப் போனார்கள். தேங்காய் நார் திணித்த சின்ன மண்சட்டியில் சாம்பல் சேவலும் சாம்பல் பெட்டையும் மாறி மாறி அடைகாத்தன. கிஷோர் சட்டியில் காதை வைத்துக் கேட்பான். "நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பார்க்கிறேன்," என்பான். நம்ம ஆளுங்க! குருவியில் பெட்டைக் குஞ்சு வந்தால் அது மகன், சேவல் குஞ்சு வந்தால் மகள் என்று அவளுக்குத் தலைகீழாகக் கணக்குப் போட்டுச் சொல்வான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேர்கூட யோசித்தார்கள்.

நான்கு குஞ்சுகள் பொரித்தன. மூன்றின் தோல் கருப்பு, ஒன்றின் தோல் இளஞ்சிவப்பு. ஞானப்பிரகாசம் சட்டிக்குள் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது வெளுப்பு. வெளுப்பா வந்தாலே பெட்டைதான், இறகு முளைக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்," என்றார். அதாவது பேரன். அதாவது கவின் மாதிரி ஒரு பேரன்.

கலைவாணி எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லவேளை, என் குடும்பம் தப்பிச்சுது," என்றாள். கிஷோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிமிர்வான் நிமிர்வான் என்று தாரணி பார்த்தாள். அவன் நிமிரவில்லை. ஒரு வாரத்தில் அவள் உறவு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. கண்ணாடிக் கடையில் ஊராருக்குக் கண் பவர் பார்த்துச் சொல்லிக்கொண்டு அவள் முப்பத்து நான்கு வயதுக்கு வந்துவிட்டாள்.

பொருத்தம் முறிந்தால் அந்தக் குஞ்சுகளைக் கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். என்ன செய்வீர்கள் என்று அன்றைக்குத் தாரணி கேட்டாள். "தண்ணி பக்கெட் இருக்கும்மா," என்றார் ஞானப்பிரகாசம், விலை சொல்வது போல. அவள் குஞ்சுகளோடும் தாய்க்குருவியோடும் சேவலோடும் கூண்டையே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? இரண்டு சேவல் குஞ்சுகளுக்கும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வந்து பாட ஆரம்பித்தபோது, மகள்கள் பாடுகிறார்கள் என்று தாரணி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சாம்பல் பெட்டை நோயில்லாத மகன். அவன் துடுக்கு. வெளுத்தவன் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தினைக் கிண்ணத்துக்கு வருவான். அவள் அவர்களுக்குப் பேர் வைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பொய்.

வருடங்கள் போகப் போகப் பெரிய ஜோடி போயிற்று, ஒரு மகள் போனாள், துடுக்கான மகன் போனான், இன்னொரு மகளும் போனாள். குருவி ஆயுசு அவ்வளவுதான். ஆனால் அதற்காக ஒரு பெண் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதால் கடையில் என்ன காரணம் சொல்வது? காய்ச்சல் என்று சொன்னாள். அந்தப் பிள்ளைகள் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. பிறக்காதவர்கள் நான்கு பேர் ஐந்தாவது மாடியில் சத்தம் போட்டு விளையாடிவிட்டு ஒவ்வொருவராக அவளை விட்டுப் போனார்கள்.

அம்மா அந்தக் கூண்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. கவின் இறந்த வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே அப்பாவின் அக்கா, "உன் வயித்துல இருந்து வந்த விஷம்தானே," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அப்போதுகூட அம்மாவுக்கு ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. ஒருவேளை தன்னால் இல்லையோ என்று. தாரணியின் ஜோடி அந்த வெளுத்த குஞ்சைப் பொரித்த அன்றைக்கு அதுவும் போயிற்று. மகளிடம் இருக்கிறது என்றால் அது அம்மாவிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்? தினமும் தினையும் தண்ணீரும் வைப்பவள் என்னவோ அம்மாதான். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டுதான் வைப்பாள். சில நாள் தன்னை மறந்து, "கவினு, தள்ளு," என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுவாள்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தார்கள். கிஷோருக்குத் தொப்பை விழுந்திருந்தது. நிவேதா ஒல்லியான பெண், ஐந்து மாத வயிறு. அவள் உள்ளே வந்ததும் கூண்டைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கவினின் படத்தைத்தான் பார்த்தாள். பையன் ஆதிக்கு நாலரை வயது. சிரித்த முகம், கொழுகொழுவென்ற கெண்டைக்கால்.

"கால் பார்த்தியா? ஃபுட்பால் பிளேயர் கால்," என்றான் கிஷோர் பெருமையாக. பையன் நேரே கூண்டுக்கு முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, இது ஏன் வெள்ளையா இருக்கு?"

"அது அப்படித்தான்டா," என்றான் கிஷோர், தாரணியைப் பார்க்காமல்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுக்கவில்லை, ஆனால் காபி நன்றாகத்தான் இருந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தொடக் கூடாத இடத்துக்கு வந்து நின்றது. கிஷோருக்கு அந்தப் பழக்கம் அன்றும் உண்டு.

"எங்க ரெண்டு பேருக்கும் பார்த்தப்போ பிரச்சினையே வரல, தாரணி. எங்கம்மா ஒரே பிடியா நின்னுட்டாங்க. முதல் தடவை பையனைப் பெட்டையாக்கினதுதான் அபசகுனம், இந்தத் தடவை சேவல்தான் வேணும்னு. ஞானப்பிரகாசமும் சரின்னு மாத்திக் குடுத்துட்டாரு. எனக்குச் சேவல், இவளுக்குப் பெட்டை. குஞ்சு அத்தனையும் சாம்பல், ஒண்ணுகூட வெளுக்கல. இப்ப திருச்சியில எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. 'மாப்பிள்ளைக்குச் சேவல்'னு வாசல்லயே போர்டு வெச்சிட்டாரு மனுஷன்."

தாரணி தம்ளரைக் கீழே வைத்தாள். பெண்ணிடம் இருப்பது இரண்டு. பெட்டைக் குருவியில் இடம் இருப்பது ஒன்றுக்கு. அப்படியானால் நிவேதாவின் இரண்டில் ஒன்றைத்தான் அந்த ஆள் வைத்திருக்கிறார். இன்னொன்றை? குப்பையில் போட்டிருப்பார். எது உள்ளே போனது, எது குப்பைக்குப் போனது என்று யார் கண்டது? அந்தக் குருவி பாதி நிவேதாவைத்தான் பார்த்திருக்கிறது. ஒரு மாமியாரின் வறட்டுக் கௌரவத்துக்காக இந்த ஊரே பூவா தலையா போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கிறது. அட பாவிகளா!

அப்போதுதான் ஆதி எழுந்தான். உட்கார்ந்த பிள்ளை சட்டென்று எழுந்திருக்கவில்லை. முதலில் குப்புறத் திரும்பிக் கையை ஊன்றினான். பின்பக்கத்தைத் தூக்கினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், இன்னொரு கையைத் தொடையில் வைத்தான், தன் காலைத் தானே பிடித்துப் பிடித்து ஏறி நிமிர்ந்தான்.

"சோம்பேறி. எழுந்திருக்க எவ்வளவு வேலை பாரு," என்று கிஷோர் சிரித்தான்.

தாரணி அம்மாவைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் நின்ற அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. கவின் இப்படித்தான் எழுந்திருப்பான். இதே நாலு வயதில், இதே மாதிரி, தன் உடம்பில் தானே ஏறி. அப்பாவும் இப்படித்தான் சிரித்தார். அது ஒரு விளையாட்டு என்று நினைத்து அவர்கள் எல்லாரும் ஒரு வருடம் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கவினுக்குக் கிடைக்காத ஒன்று இப்போது இருக்கிறது. ஒரே ஒரு ஊசி. தசை கெட்டியாக இருக்கும்போதே, ஆறு வயதுக்குள் போட்டுவிட்டால் பிள்ளை நடக்கும், கல்லூரிக்குப் போகும், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளும். ஆனால் இவளா சொல்வது? வேண்டாமென்று ஒதுக்கிய பெண், அவன் பிள்ளையைப் பார்த்ததும் நோய் என்று வாய் வைத்தாள் என்பார்கள். அதுகூடப் போகட்டும். சேவல் பெட்டை விவகாரத்தை அவள் விளக்கிய அடுத்த நிமிடம் நிவேதாவின் கதை முடிந்தது. தாரணிக்காவது கல்யாணத்துக்கு முன்னாலேயே போயிற்று. இவள் வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நிற்கிறவள். நல்லா வேணும் கலைவாணிக்கு என்று ஒரு கணம் தாரணியின் மனசுக்குள் இனித்ததும் உண்மை. அந்த இனிப்பை நினைத்து அவளுக்கே கூசியது.

"தம்பி," என்றாள் அம்மா திடீரென்று கிஷோரிடம். அன்றைக்கு அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு. "மொட்டை மாடியில புறா நிறைய வரும். பையனுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. லிஃப்ட்லயே போங்க, படி ஏற விடாதீங்க."

அவர்கள் போனார்கள். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தாரணி தவித்துக்கொண்டிருக்கும்போது நிவேதா பேசினாள்.

"அக்கா, உங்க தம்பி எத்தனை வயசு வரைக்கும் நடந்தாரு?"

"பதினொண்ணு," என்றாள் தாரணி. "ஆதி விஷயம் உனக்குத் தெரியுமா?"

"எங்கம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது. போன பொங்கலுக்கு ஆதி தரையிலேர்ந்து எழுந்திருக்கறதைப் பார்த்துட்டு எங்கம்மா பாதி சாப்பாட்டுல கை கழுவிட்டு எழுந்து போயிட்டாங்க. ஏம்மா, ஏம்மான்னு கேட்டுக்கிட்டே நான் பின்னால போனேன். அவங்க சொல்லவே இல்ல. அழுதாங்க. அதுலயே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் இன்னும் டாக்டர்கிட்ட போகல?"

"போனா அதுக்கு ஒரு பேர் வெச்சிடுவாங்க. பேர் வெச்சா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு உங்களைவிட யாருக்கு அக்கா தெரியும்?" நிவேதா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் என் பிள்ளையைப் பார்த்துட்டுச் சொல்லணும்னு இருந்துச்சு. ஒருவேளை நீங்க, 'ச்சே, அதெல்லாம் இல்ல'ன்னு சொல்லிட மாட்டீங்களான்னுதான் வந்தேன்."

தாரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அதுதான், சந்தேகமே இல்லை. ஊசி இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. நிவேதா அழவில்லை. வெகு நாளாக அழுது முடித்தவளின் முகம் அது.

"எனக்கு எல்லாம் சாம்பலாத்தானே வந்துச்சு? எப்படிக்கா?"

"உன்கிட்ட இருக்கற ரெண்டுல ஒண்ணைத்தான் அந்த ஆள் வெச்சிருக்கார். நல்லது மாட்டிக்கிச்சு. முறைப்படி உன்னோடதைச் சேவல்ல வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஊர்ல எல்லாரும் பார்க்கறது பொய்யா?"

"பாதி பொய்."

"இதை எங்க வீட்டுக்காரர்கிட்டே சொல்லப் போறீங்களா?"

சொல்லலாம். சொன்னால் ஞானப்பிரகாசத்தின் போர்டு நாளைக்கே இறங்கும். ஆனால் அந்தப் போர்டு பொய் என்பதற்கு அத்தாட்சி இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்தான். தாரணி யோசித்தாள். லிஃப்ட் சத்தம் கேட்டது.

"டாக்டர் உன்னையும் பார்க்கணும்பாங்க," என்றாள் அவசரமாக. "உன் பரிசோதனை முடிவை உன்கிட்ட மட்டும்தான் சொல்லணும்னு சட்டம் இருக்கு. தனியாப் போய்க் கேட்டுக்கோ. வாயைத் திறக்காதே. மீதியை நான் பார்த்துக்கறேன்."

கிஷோர் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தான். தாரணி நின்றபடியே சொன்னாள். "கிஷோர், ஆதியை நாளைக்கே தசை டாக்டர்கிட்டே காட்டுங்க. அவன் எழுந்திருக்கற விதம் சரியில்ல. கவின் இப்படித்தான் எழுந்திருப்பான்."

கிஷோரின் முகம் செத்துப்போயிற்று. பையனை இறுக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கண் எங்கே போயிற்று தெரியுமா? நிவேதாவிடம். அந்தப் பார்வையில் அச்சு அசலாகக் கலைவாணி இருந்தாள்.

"அங்கே ஏன் பார்க்கறீங்க?" என்றாள் தாரணி. "உங்களுக்குப் பொருத்தம் பார்த்தப்போ ஒண்ணாவது வெளுத்துதா?"

"இல்ல..."

"அப்ப அவகிட்ட ஒண்ணும் கிடையாது. சில பிள்ளைங்களுக்கு இது புதுசா வரும். அம்மாகிட்டயும் இருக்காது, அப்பாகிட்டயும் இருக்காது. கருவா இருக்கும்போதே எங்கேயோ ஒண்ணு தவறிப்போறது. யார் மேலயும் தப்பில்ல. ஆறு வயசுக்குள்ள ஊசி போட்டா நடப்பான். வயித்துல இருக்கறதையும் டாக்டரே பார்த்துச் சொல்லுவாங்க."

"நிஜமாவா? இவகிட்ட இல்லேன்னு நிச்சயமாத் தெரியுமா?"

தாரணி கூண்டைக் காட்டினாள். "எனக்கு வெளுத்துது, என்கிட்ட இருக்கு. அவளுக்கு வெளுக்கல, அவகிட்ட இல்ல. அன்னைக்கு என் விஷயத்துல குருவி சொன்னதை நம்பினீங்க இல்ல? இதையும் நம்புங்க."

கிஷோர் உட்கார்ந்து அழுதான். நிவேதா அவன் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தெரிந்த டாக்டருக்குப் போன் செய்து மறுநாளைக்கு நேரம் வாங்கினான். கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் நின்று தாரணியிடம் தழுதழுத்தான்.

"நல்லவேளை, சேவல் வெச்சுப் பார்த்தோம். இல்லேன்னா நான் இவளைப் போய்ச் சந்தேகப்பட்டிருப்பேன். என் தங்கச்சிக்கும் அங்கேதான் பார்க்கப் போறோம், தாரணி. எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

தாரணி வாயைத் திறந்தாள். நிவேதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி வாயை மூடிக்கொண்டாள். லிஃப்ட் கதவு சாத்திக்கொண்டது. இனி அந்தக் கூடத்தில் எத்தனை பெண்களைப் பாதி பாதியாகப் பார்த்துக் கட்டிக்கொடுப்பார்களோ, அத்தனைக்கும் அவளுடைய வாக்கும் ஒரு சாட்சி. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அம்மா ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏன்டி, நீ அவன்கிட்டே சொன்னியே. புதுசாவும் வருமா? நிஜமாவே?"

"வரும்மா. சில பேருக்கு வரும். அது நிஜம்தான்."

அம்மா முந்தானையைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப நம்ம கவினுக்கும் அப்படி வந்திருக்கலாம் இல்ல? என்கிட்டேர்ந்து இல்லாம? சும்மா, அதுவா?"

அம்மாவுக்குப் பின்னால் வெளுத்த குருவி தினையைக் கொறித்துவிட்டுக் கம்பியில் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது அந்தக் கூண்டில் இருக்கிற வரைக்கும் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். அது அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். தாரணி மெல்ல நகர்ந்துபோய், திரும்பினாலும் குருவி அம்மாவின் கண்ணில் படாதபடி கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "அப்படித்தான் வந்திருக்கும்."